இதயக் குறையோடு ஒரு குழந்தை வரப்போகிறது: எங்கே பெறுவது, எந்த வழியில் போவது

21ஆவது வார ஸ்கேனில் கை, கால், முதுகெலும்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்த மருத்துவர், நெஞ்சுப் பகுதிக்கு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். கருவியை ஒரே இடத்தில் வைத்து அழுத்தினார், சாய்த்தார், மறுபடி அழுத்தினார். வயிற்றில் தடவியிருந்த ஜெல் காய்ந்து தோலை இழுக்கத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம் ஊற்றிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "இதயத்தை மட்டும் தனியாக ஒரு எக்கோ பார்த்துவிடலாம்" என்றார்.

நாங்கள் வழக்கமாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில் இதைச் சொன்னபோது, "ஓட்டையாகத்தான் இருக்கும், தானாக மூடிக்கொள்ளும், பயப்படாதீர்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். கீழறைகளுக்கு நடுவில் இருக்கும் சிறிய ஓட்டைகள் பல தானாக மூடிக்கொள்வது உண்மைதான். ஆனால் எங்கள் குழந்தைக்கு இருந்தது ஓட்டை இல்லை. இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய தமனிகளும் இடம் மாறி இருந்தன. அந்த ஒரு வார்த்தையை நம்பி இரண்டு வாரம் சும்மா இருந்துவிட்டோம். எக்கோ பார்த்து உண்மை தெரிந்த அன்று இரவே எந்த மருத்துவமனை நல்லது என்று தேட ஆரம்பித்தோம். அதுவும் தப்பான இடத்தில் தொடங்கிய தேடல்தான்.

முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: தொப்புள்கொடியை வெட்டிய பிறகு, முதல் ஒரு நாளில் இந்தக் குழந்தையின் இதயம் என்ன செய்யும்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் எங்கே பெறுவது, எப்போது பெறுவது, எவ்வளவு தூரம் போகலாம் என்பதெல்லாம் ஓரளவு தானாகவே வரிசைக்கு வந்துவிடும். பதில் தெரியாமல் மருத்துவமனைகளை ஒப்பிடுவதில் அர்த்தம் இல்லை.

வயிற்றுக்குள் ஏன் நன்றாக இருக்கிறது?

இதயத்தில் இவ்வளவு பெரிய குறை இருந்தும் குழந்தை உள்ளே நன்றாக உதைக்கிறது, வளர்கிறது. எனக்கு அப்போது அது புரியவே இல்லை. காரணம் இதுதான். வயிற்றுக்குள் ஆக்சிஜனைக் கொடுப்பது நஞ்சுக்கொடி. குழந்தையின் நுரையீரலுக்கு அங்கே வேலை இல்லை. அதனால் ரத்தம் நுரையீரலைச் சுற்றிக்கொண்டு போவதற்கு இரண்டு குறுக்கு வழிகள் இயற்கையிலேயே உண்டு. ஒன்று, இரண்டு மேலறைகளுக்கும் நடுவில் உள்ள துவாரம். இன்னொன்று, நுரையீரல் தமனியையும் மகாதமனியையும் இணைக்கும் டக்டஸ் என்ற சிறு குழாய். இந்த இரண்டும் திறந்திருக்கும் வரை, இதயத்தின் ஒரு பக்கம் சரியாக வளராவிட்டாலும் மறுபக்கம் சமாளித்துவிடுகிறது.

பிறந்து மூச்சு விட்டதும் இந்த வழிகள் மூட ஆரம்பிக்கின்றன. டக்டஸ் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் மூடிவிடும். நல்ல இதயத்துக்கு அது தேவையான மாற்றம். ஆனால் அந்தக் குழாயை நம்பியே ரத்த ஓட்டம் நடக்கிற குழந்தைக்கு அதுதான் ஆபத்து. பிறந்தபோது ரோஜா நிறத்தில், நன்றாக அழுதுகொண்டிருந்த குழந்தை மூன்றாம் நாள் பால் குடிக்காமல், கால் சில்லிட்டு, சாம்பல் நிறமாகிவிடுவது இதனால்தான்.

நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒருவர் ஏதாவது ஓர் இதயக் குறையோடு பிறக்கிறார். அவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்குத்தான் முதல் வருடத்துக்குள் அறுவை சிகிச்சையோ குழாய் வழிச் சிகிச்சையோ தேவைப்படும். அந்த நான்கில் ஒருவருக்குள்ளும் அவசரம் ஒரே மாதிரி இல்லை. நான்கு குறைகள் ஒன்றாகச் சேர்ந்து வரும் ஃபாலோ டெட்ராலஜி உள்ள பல குழந்தைகள் பிறந்ததும் வீட்டுக்குப் போய், சில மாதங்கள் கழித்து வந்து அறுவை சிகிச்சை செய்துகொள்கிறார்கள். மேலறைகளின் நடுச்சுவரும் கீழறைகளின் நடுச்சுவரும் சேரும் மையப் பகுதி உருவாகாத ஏவிஎஸ்டியும் அப்படித்தான், பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்தில். இடது பக்கம் வளராத இதயம், மகாதமனியில் கடுமையான சுருக்கம், நுரையீரலுக்குப் போகும் வழி அடைபட்ட இதயம் ஆகியவற்றுக்கு டக்டஸ் திறந்தே இருக்க வேண்டும். தமனி இடமாற்றம் இன்னொரு வகை. அதற்கு மேலறைத் துவாரமும் போதுமான அளவு திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாள் கணக்கு கிடையாது, நிமிடக் கணக்குதான்.

எங்கே பெறுவது?

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. பெரும்பாலானவர்களுக்கும் இந்த மூன்றுதான் இருக்கும்.

பழகிய மருத்துவமனையிலேயே பெற்றுக்கொண்டு, பிறகு குழந்தையை இதய மையத்துக்கு மாற்றுவது முதல் வழி. உங்களை முதல் மாதத்திலிருந்து பார்த்த மருத்துவர் இருப்பார், வீடு பக்கத்தில் இருக்கும், மூத்த குழந்தை இருந்தால் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருப்பார்கள். அவசரம் இல்லாத குறை என்றால் இது நல்ல வழி. தேவையில்லாமல் ஊர் விட்டு ஊர் போய்த் தங்குவது அம்மாவுக்கும் குடும்பத்துக்கும் பெரிய பாரம்.

குழந்தை டக்டஸை நம்பி இருக்கிறது என்றால் இந்த வழியின் விலை வேறு. டக்டஸ் மூடாமல் இருக்க புரோஸ்டாகிளாண்டின் என்ற மருந்தை நரம்பு வழியாக விடாமல் ஏற்ற வேண்டும். 1970களின் நடுவில் இந்த மருந்து வந்த பிறகுதான் இப்படிப்பட்ட குழந்தைகளை அறுவை சிகிச்சை வரைக்கும் கொண்டுபோக முடிந்தது. ஆனால் அதை ஏற்றும்போது சில குழந்தைகளுக்கு மூச்சு நின்று நின்று வரும். ஓடுகிற ஆம்புலன்ஸில் அப்படி நடந்தால் என்ன செய்வது என்பதற்காகவே, சில குழந்தைகளைக் கிளம்பும் முன்பே குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைக்கிறார்கள். அப்புறம் இன்னொன்று. நல்ல எண்ணத்தில் அதிகமாக ஆக்சிஜன் கொடுப்பதுகூடச் சில இதயங்களுக்குக் கெடுதல். இடது பக்கம் வளராத இதயத்தில் ஆக்சிஜன் கூடினால் ரத்தம் நுரையீரலுக்கே அதிகமாக ஓடிவிடும், உடம்புக்குக் குறைந்துவிடும். இது தெரிந்த ஆள் அந்த அறையில் இருக்க வேண்டும்.

இந்த வழியில் அம்மாவுக்கும் ஓர் இழப்பு உண்டு. குழந்தையை முன்னால் அனுப்பிவிட்டு, தையல் போட்ட வயிற்றோடு வேறொரு கட்டடத்தில் படுத்துக்கொண்டு, தொலைபேசியில் ஒரு படம் வருமா என்று காத்திருக்க வேண்டும். குழந்தையின் அப்பா எங்கே இருப்பது என்று அவருக்கே தெரியாது.

இதய அறுவை சிகிச்சையும் பிரசவமும் ஒரே வளாகத்தில் நடக்கும் மருத்துவமனை இரண்டாவது வழி. குழந்தையை ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்குத் தள்ளுக்கட்டிலில் கொண்டுபோனால் போதும். குறை, அது தூரத்தில் இருக்கும். 37ஆவது வாரத்திலிருந்தே பக்கத்தில் வந்து தங்கச் சொல்வார்கள். மருத்துவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஒவ்வொருவரிடமும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். அறை வாடகை, வேலைக்கு விடுப்பு, வீட்டைப் பூட்டிவிட்டு வருவது எல்லாம் சேர்ந்து வரும். இவையெல்லாம் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். நாங்கள் அந்த ஐந்து வாரத்தில் பட்டது எனக்குத்தான் தெரியும்.

இதய மையத்துக்கு மிகப் பக்கத்தில் உள்ள, பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு வசதியான மகப்பேறு மருத்துவமனையில் பெற்றுக்கொண்டு, ஏற்கெனவே பேசி வைத்தபடி குழந்தையை மாற்றுவது மூன்றாவது. குழந்தைகளுக்கான இதய மையம் பல இடங்களில் பிரசவம் பார்ப்பதில்லை என்பதால், நிறையப் பேருக்கு நடைமுறையில் கிடைப்பது இதுதான். இரண்டு மருத்துவமனைகளும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டால் இது நன்றாகவே நடக்கும். பேசிக்கொள்கிறார்களா என்று நீங்களே உறுதி செய்துகொள்ளுங்கள். "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்ற பதில் போதாது. பிறந்ததும் யார் யாரை அழைப்பார்கள், புரோஸ்டாகிளாண்டின் அங்கே தயாராக இருக்குமா, தொப்புள் நரம்பில் குழாய் போடத் தெரிந்தவர் இரவிலும் இருப்பாரா, வண்டி யாருடையது என்று எழுதி வாங்குங்கள்.

என் முடிவான கருத்தைச் சொல்லிவிடுகிறேன். டக்டஸை நம்பிய இதயம் என்றால் இரண்டாவது வழி, கிடைக்காவிட்டால் மூன்றாவது. முதல் வழியை வீட்டு வசதிக்காக மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். தமனி இடமாற்றம் என்றால் இரண்டாவது வழிக்காக எவ்வளவு சிரமப்பட்டாலும் தகும். அவசரமில்லாத குறை என்று குழந்தைகள் இதய மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டால் பழகிய இடத்திலேயே நிம்மதியாகப் பெற்றுக்கொள்ளுங்கள். யாராவது வந்து பயமுறுத்தினாலும் மாற்றாதீர்கள்.

எங்களுக்கு நடந்தது இது. மகன் பிறந்ததும் பலமாக அழுதான். ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் என் கன்னத்தோடு வைத்தார்கள், நெற்றி ஈரமாக இருந்தது. அப்புறம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு மணி நேரத்தில் என் கணவர் வந்து, ஆக்சிஜன் அளவு 61 என்று சொன்னார். மருந்து ஏற்றியும் ஏறவில்லை. மேலறைத் துவாரம் சிறிதாக இருந்தது. படுக்கையிலேயே எக்கோ பார்த்துக்கொண்டு, தொப்புள் வழியாக நுனியில் பலூன் வைத்த மெல்லிய குழாயை இதயத்துக்குள் விட்டு, துவாரத்தைத் தாண்டியதும் பலூனை ஊதி, ஒரே இழுப்பில் இழுத்தார்கள். வில்லியம் ராஷ்கிண்ட் என்ற மருத்துவர் 1966இல் அறிமுகப்படுத்திய முறை இது. இன்றைக்கும் பெரிய மாற்றமில்லாமல் அப்படியேதான் செய்கிறார்கள். என் கணவர் கண்ணாடிக்கு வெளியே நின்று திரையில் இருந்த எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாராம். 61, 64, 70. கால் மணி நேரத்தில் 82. இதெல்லாம் பிறந்து மூன்றாவது மணி நேரத்துக்குள் நடந்து முடிந்துவிட்டது. பழகிய மருத்துவமனையில் பெற்றிருந்தால் அந்த நேரத்தில் நாங்கள் சாலையில் இருந்திருப்போம்.

எட்டாம் நாள் தமனிகளை இடம் மாற்றி வைக்கும் அறுவை சிகிச்சை. பிரேசிலைச் சேர்ந்த அடிப் ஜடேனே 1975இல் முதன்முதலாக வெற்றிகரமாகச் செய்தது. நல்ல மையங்களில் இப்போது 100க்கு 95க்கும் மேற்பட்ட குழந்தைகள் இதிலிருந்து பிழைத்து வருகிறார்கள். இதை அதிக நாள் தள்ளிப்போடவும் முடியாது. இடது கீழறை இந்தக் குறையில் நுரையீரலுக்குத்தான் ரத்தம் அனுப்புகிறது. அழுத்தம் குறைந்த வேலை என்பதால் சில வாரங்களில் அதன் தசை மெலிந்துவிடும், பிறகு உடம்பு முழுவதுக்கும் ரத்தம் தள்ளும் பலம் அதற்கு இருக்காது.

எப்போது, எப்படி?

இதில் அதிகம் குழம்ப வேண்டாம். இதயக் குறை என்ற ஒரே காரணத்துக்காகப் பெரும்பாலான குழந்தைகளுக்கு சிசேரியன் தேவையில்லை. சுகப்பிரசவத்தை அந்த இதயம் தாங்கிக்கொள்ளும். இதயத் துடிப்பே மிக மெதுவாக இருக்கும் சில குழந்தைகளுக்கு, வலியின்போது துடிப்பை வைத்து நிலைமையைக் கணிக்க முடியாது என்பதால் சிசேரியன் செய்கிறார்கள். பிறந்த உடனேயே குழந்தையின் மேலறைத் துவாரத்தைத் திறக்க வேண்டும் என்று குழு தயாராக இருக்கும்போதும் செய்வதுண்டு.

நாளைப் பொறுத்தவரை, பயத்தில் "சீக்கிரம் எடுத்துவிடுங்கள்" என்று கேட்காதீர்கள். நான் கேட்டேன். 37, 38 வாரத்தில் பிறந்தவர்களைவிட 39 வாரம் முடித்துப் பிறக்கும் குழந்தைகள்தான் அறுவை சிகிச்சைக்குப் பிறகு நன்றாகத் தேறுகிறார்கள். நுரையீரலும் மூளையும் எடையும் அந்தக் கடைசி வாரங்களில்தான் சேர்கின்றன. இரண்டரைக் கிலோவுக்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு அறுவை சிகிச்சையின் ஆபத்து கூடும். தானாக வலி வரும்வரை காத்திருப்பதா, 39ஆவது வாரத்தில் நாள் குறித்து வலி வரவைப்பதா என்பதுதான் உண்மையான தேர்வு. மருத்துவமனைக்குப் பக்கத்தில் தங்க முடிந்தால் காத்திருக்கலாம். தூரம் என்றால் நாள் குறிப்பதே பாதுகாப்பு. பகல் நேரத்தில், எல்லோரும் இருக்கும்போது பிறக்க வாய்ப்பு அதிகம்.

இதயத்தின் பாதி இல்லாதபோது

இனி எழுதுவது எழுத எளிதில்லாத பகுதி. எக்கோ அறைக்கு வெளியே எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு தங்கையைப் பற்றி யோசித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். அவள் குழந்தைக்கு இதயத்தின் இடது பக்கம் வளரவில்லை. என் பட்டியலில் இருந்த கேள்வி எங்கே பெறுவது என்பது. அவளுடையது, எந்த வழியில் போவது.

1980களின் தொடக்கம் வரை இந்தக் குறைக்குச் சிகிச்சையே இல்லை. வில்லியம் நார்வுட் 1983இல் தன் முறையை வெளியிட்ட பிறகு மூன்று கட்ட அறுவை சிகிச்சை வழக்கத்துக்கு வந்தது. முதல் கட்டம் பிறந்த முதல் இரண்டு வாரங்களுக்குள், இரண்டாவது நான்கு முதல் ஆறு மாதத்தில், மூன்றாவது இரண்டு முதல் நான்கு வயதில். மூன்றும் முடிந்தாலும் இதயம் சரியாகிவிடாது. ஒரே கீழறையை வைத்து வாழும்படி ரத்த ஓட்டம் மாற்றி அமைக்கப்படும், அவ்வளவுதான். இதைப் பெற்றோர் முதல் நாளே புரிந்துகொள்வது முக்கியம். இந்த வழியில் வளர்ந்து பள்ளிக்கும் கல்லூரிக்கும் போய், வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். சீக்கிரம் களைத்துப்போவது, துடிப்புக் கோளாறு, ஈரல் பாதிப்பு, படிப்பிலும் கவனத்திலும் சிரமம், பிற்காலத்தில் இதய மாற்று தேவைப்படுவது ஆகியவையும் இதே வழியில்தான் இருக்கின்றன.

முதல் கட்டம்தான் மிகக் கடினமானது. வட அமெரிக்காவில் 15 மையங்கள் சேர்ந்து நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், முதல் கட்டத்தில் நுரையீரலுக்கு ரத்தம் போக வைக்கும் இரண்டு விதமான குழாய்களை ஒப்பிட்டார்கள். இதய மாற்று இல்லாமல் ஒரு வயதைத் தாண்டிய குழந்தைகள் ஒரு பிரிவில் 74 சதவீதம், இன்னொன்றில் 64 சதவீதம். தேர்ந்த மையங்களில் வந்த எண்கள் இவை. உங்கள் மையத்தின் எண் என்ன என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் இன்னோர் இடத்திலும் கேளுங்கள்.

எடை குறைந்த, அல்லது வேறு காரணத்தால் பெரிய அறுவை சிகிச்சையைத் தாங்காத குழந்தைக்கு ஹைபிரிட் என்று ஒரு முறை உண்டு. டக்டஸில் ஸ்டென்ட் வைத்துத் திறந்தே வைத்திருப்பார்கள், நுரையீரல் தமனிகளைச் சுற்றிச் சிறு பட்டை கட்டி ரத்தத்தைக் குறைப்பார்கள். முதல் வாரத்தில் இதய நுரையீரல் இயந்திரம் தேவைப்படாது. ஆனால் பெரிய வேலை இரண்டாவது கட்டத்துக்குத் தள்ளிப்போகிறது, காணாமல் போவதில்லை. இதய மாற்று இன்னொரு வழி. கேட்பதற்கு நேரானதாகத் தெரியும். அந்த அளவுக்குச் சின்ன இதயம் கிடைப்பது மிக அரிது, காத்திருக்கும்போதே பல குழந்தைகள் போய்விடுகின்றன. கிடைத்தாலும் வாழ்நாள் முழுக்க மருந்து, பின்னாளில் மறுபடி மாற்று. முதல் தேர்வாக இதை நம்பி இருக்க முடியாது.

இன்னும் இரண்டு வழிகள் இருக்கின்றன. இவற்றைப் பற்றிப் பேசவே பலர் தயங்குகிறார்கள். அறுவை சிகிச்சை வேண்டாம், குழந்தை வலியில்லாமல், அம்மா அப்பாவின் கையில் இருக்கட்டும் என்று முடிவு செய்வது ஒன்று. இதைச் சிகிச்சையைக் கைவிடுவது என்று சொல்வது தப்பு. மூச்சுத் திணறலுக்கும் வலிக்கும் மருந்து உண்டு, குழந்தையைக் கதகதப்பாக வைத்திருப்பார்கள், குழாய்களும் ஊசிகளும் இல்லாமல் மடியில் வைத்திருக்கலாம். பெரும்பாலும் சில நாட்கள், சிலருக்குச் சில வாரங்கள். இதற்கென்று பயிற்சி பெற்ற குழு இருக்கிறதா என்று பிரசவத்துக்கு முன்பே பார்த்து வைக்க வேண்டும். கர்ப்பத்தை முடித்துக்கொள்வது இன்னொன்று. எத்தனை வாரம் வரை, எந்தக் காரணத்துக்கு என்பது நாட்டுக்கு நாடு சட்டத்தில் மாறும். அதனால் அது பற்றி யோசிக்கிறவர்கள் நோய் உறுதியான அன்றே அந்த வரம்பைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். யோசிக்க நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வரம்பைத் தாண்டிவிட்டால், முடிவு உங்கள் கையில் இருக்காது.

இந்த ஐந்தில் எது சரி என்று நான் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. ஆனால் எதை வைத்து ஒப்பிடலாம் என்று சொல்ல முடியும். இதயம் தவிர வேறு ஏதாவது பாதிப்பு இருக்கிறதா? மேலறைத் துவாரம் மூடியிருக்கிறதா? இடது பக்கம் வளராத இதயத்தில் அது மூடியிருந்தால் நுரையீரலும் கெட்டுப்போயிருக்கும், அந்த 74, 64 எல்லாம் பொருந்தாது. மூன்றாவது, மூன்று அறுவை சிகிச்சைக்கும் நடுவில் உள்ள மாதங்களில் வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள்? முதல் இரண்டு கட்டங்களுக்கு நடுவில் தினமும் எடையும் ஆக்சிஜன் அளவும் பார்த்து எழுத வேண்டும், சின்ன ஜலதோஷம்கூட மருத்துவமனைக்கு ஓட வைக்கும்.

அந்தத் தங்கை அறுவை சிகிச்சை வேண்டாம் என்று முடிவு செய்தாள். அவள் குழந்தைக்குத் துவாரம் மூடியிருந்தது. மகள் 41 மணி நேரம் இருந்தாள், முழு நேரமும் யாராவது ஒருவர் கையில். அதே மாதம் அதே குறையோடு பிறந்த ஒரு பையன் மூன்று கட்டமும் முடித்து இப்போது பள்ளிக்குப் போகிறான். இரண்டு அம்மாக்களோடும் இன்றும் பேசுகிறேன். இருவரில் யாரிடமும் "நீங்கள் வேறு மாதிரி செய்திருக்கலாம்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. சொன்னவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பனிக்குட நீர்ப் பரிசோதனை

குழந்தையின் குரோமோசோமில் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கும் இந்தப் பரிசோதனையை இப்போதே செய்வதா, பிறந்த பிறகு குழந்தையின் ரத்தத்தில் பார்த்துக்கொள்வதா? 15ஆவது வாரத்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். கருக்கலையும் ஆபத்து மிகச் சிறியது, ஆனால் இல்லாமல் இல்லை. என் அளவுகோல் எளிது: முடிவு கையில் வந்தால் நீங்கள் ஏதாவது வேறு மாதிரி செய்வீர்களா? செய்வீர்கள் என்றால் இப்போதே. ஏவிஎஸ்டி உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும். தமனிகள் கிளம்பும் இடத்தில் உள்ள சில குறைகளோடு 22ஆவது குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாமல் போவதும் சேர்ந்து வரும். இப்படிப்பட்ட குறை என்றால் தெரிந்துகொள்வது நல்லது. சாதாரணத் தமனி இடமாற்றத்தில் இந்தத் தொடர்பு குறைவு. நாங்கள் செய்யவில்லை.

இதையொட்டி ஒரு வார்த்தை. பரிசோதனைக்குப் போகும் ஒவ்வோர் அம்மாவும் "நான் என்ன செய்தேன்" என்று கேட்கிறாள். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, ஆரம்ப மாதங்களில் வந்த ருபெல்லா, சில மருந்துகள் ஆகியவை ஆபத்தைக் கூட்டும் என்பது தெரிந்த விஷயம். பெரும்பாலானவர்களுக்குக் காரணம் என்று எதையும் காட்ட முடியாது. இதயம் உருவாகி முடிவது முதல் எட்டு வாரங்களுக்குள். பலருக்குக் கர்ப்பம் என்றே சரியாகத் தெரியாத காலம். நீங்கள் மாடிப்படி ஏறியதாலோ, வேலைக்குப் போனதாலோ, அழுததாலோ இது வரவில்லை.

மையங்களை ஒப்பிடும்போது

எங்கள் நோட்டில் கடைசியில் மிஞ்சியவை நான்கே கேள்விகள். இந்தக் குறைக்கான இந்த அறுவை சிகிச்சையைப் போன வருடம் எத்தனை முறை செய்தீர்கள்? அதில் எத்தனை குழந்தைகள் வீட்டுக்குப் போனார்கள்? இரவு இரண்டு மணிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் யார் இருப்பார்? நான் எங்கே தூங்குவேன்? "எங்கள் வெற்றி 98 சதவீதம்" என்று ஒரு மையம் சொன்னது. எல்லா வயதினரின் எல்லா இதய அறுவை சிகிச்சையையும் சேர்த்த எண் அது என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது. இன்னொரு மையத்தில் மருத்துவர் தாளில் ஒரு இதயத்தை வரைந்து, எங்கள் மகனுக்கு எது எங்கே இருக்கிறது என்று காட்டி, போன வருடம் இழந்த ஒரு குழந்தையைப் பற்றியும் தானாகவே சொன்னார். அங்கேதான் போனோம். அந்தத் தாள் இன்னும் இருக்கிறது, மடிப்பில் கிழிந்துவிட்டது.

நான்காவது கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பிறந்த குழந்தைக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய ஒரே பொருள் அப்போது பால்தான். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை எடுத்துச் சேர்த்து வைக்க ஓர் இடம், ஒரு நாற்காலி, ஒரு குளிர்பெட்டி வேண்டும். முதல் நாள் எனக்கு வந்தது ஊசிக் குழாயின் அடியில் நின்ற மஞ்சள் துளிகள் மட்டும். செவிலியர் அதைப் பஞ்சில் தொட்டு அவன் உதட்டில் தடவினார்.

முடிவுகளையெல்லாம் எடுத்து முடித்தாகிவிட்டது என்று நினைத்தாலும், 34இலிருந்து 36ஆவது வாரத்துக்குள் இன்னொரு எக்கோ கேட்டு வாங்குங்கள். வயிற்றுக்குள் இருக்கும்போதே இந்தக் குறைகள் மாறக்கூடியவை. சுருக்கம் கூடலாம், துவாரம் சிறிதாகலாம், சந்தேகப்பட்ட மகாதமனிச் சுருக்கம் இல்லாமலும் போகலாம். எங்களுக்கு அந்த எக்கோவில்தான் மேலறைத் துவாரம் சிறிதாகத் தெரிகிறது, பிறந்த பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார்கள். அன்றைக்கே குழந்தையின் கோப்பின் மேலே சிவப்பு மையில் ஒரு வரி எழுதினார்கள்: பிரசவ அறைக்குப் பலூன் குழு வர வேண்டும். மூன்றாவது மணி நேரத்தில் அவர்கள் கண்ணாடிக்கு உள்ளே நின்றது அந்த வரியால்தான்.